நாலு டாலர் நாற்காலியும் ஒரு வில்லங்கமும்

2003 ஆகஸ்ட். நான் சின்சினாட்டிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆளுக்கு ரெண்டு பெட்டி, பொதுவில் ஒரு பிரஷர் குக்கர், நாலு பேர், ஒரு அப்பார்ட்மென்ட். உட்கார நாற்காலி கிடையாது. கார் கிடையாது. சனிக்கிழமை காலையில் பால் வாங்க ரெண்டு மைல் நடந்து போகும்போது ஒரு வீட்டு முன்னால் புல்தரையில் சாமான்கள் இறைந்து கிடந்தன. சட்டி, விளக்கு, குழந்தை சைக்கிள், கட்டுக் கட்டாகப் புத்தகம். பாவம், வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரன் சாமானைத் தூக்கி வெளியே போட்டுட்டான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கூட வந்த நண்பன், "பாக்காதடா, அவங்களுக்கு சங்கடமா இருக்கும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

நடைபாதையில் நின்றோம். அடுத்தவர் வீட்டுப் புல்லில் கால் வைக்கக்கூடாது என்பது அந்த ஊரில் நாங்கள் கற்ற முதல் பாடம். அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையை ஆட்டி, உள்ளே வாங்க என்றார். அப்புறம்தான் மரத்தில் சாய்த்து வைத்திருந்த அட்டையைப் படித்தோம். யார்டு சேல்.

ஒரு மர நாற்காலி வாங்கினேன். நாலு டாலர். எப்படித் தூக்கிட்டுப் போவீங்க என்று கேட்டார். நடந்துதான் என்றோம். நாற்காலியையும் எங்களையும் தன் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏற்றி அப்பார்ட்மென்ட் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அலுவலகத்துக்கும் கடைக்கும் வெளியே அந்த ஊரில் எங்களோடு பேசிய முதல் ஆள் அவர்தான்.

நான் பொட்டி தட்டுகிற ஆள். வரலாறு எனக்கு ராத்திரி நேரப் பொழுதுபோக்கு. ஆனால் இந்த நாற்காலி ஒரு கேள்வியாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. தன் புல்லில் அடுத்தவன் கால் வைக்கக்கூடாது என்று இருக்கிற ஒரு சமூகம், வருஷத்தில் ரெண்டு நாள் மட்டும் முன்பின் தெரியாத எவனையும் உள்ளே விடுகிறதே, இது எங்கிருந்து வந்தது? எவனையும் என்றால் உண்மையிலேயே எவனையுமா?

பழையதை விற்பது பழைய சங்கதிதான். பிரான்ஸின் லில் நகரில் செப்டம்பர் முதல் வார இறுதியில் நடக்கும் பிரதெரி சந்தையின் வேர் 12-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. சந்தை நாட்களில் பொழுது சாய்ந்து விடிவதற்குள் எஜமானரின் பழைய துணிமணிகளை விற்றுக் காசாக்கிக்கொள்ள வேலைக்காரர்களுக்கு அனுமதி இருந்ததாக அதற்கு ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்கப் பக்கம் வந்தால் முதலில் எதிர்ப்படும் சொல் 'ரம்மேஜ் சேல்'. இது கப்பல்காரர்களின் சொல். கப்பலின் அடித்தட்டில் சரக்கை அடுக்குவதற்கான பழைய பிரெஞ்சுச் சொல் 'அரூமாஜ்'. அதுதான் ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்து ரம்மேஜ் ஆனது. யாரும் உரிமை கோராத சரக்கைத் துறைமுகத்தில் ஏலம் விடுவது ரம்மேஜ் விற்பனை. 19-ஆம் நூற்றாண்டில் சொல் கரையேறி தேவாலயத்துக்குள் போய்விட்டது. சபைப் பெண்கள் வீடு வீடாகப் பழைய சாமான்களைச் சேகரித்து, தேவாலயத்தின் அடித்தளத்தில் மேசை போட்டு விற்பார்கள். வருகிற காசு தர்ம காரியத்துக்கு.

1902-ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் தொடங்கிய குட்வில் இதைப் பெரிய அளவில் செய்தது. பணக்காரத் தெருக்களில் பழையதைச் சேகரித்து, ஏழைகளுக்கு வேலை கொடுத்துப் பழுது பார்த்து, ஏழைகளுக்கே விற்பது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு மேடு பள்ளம் இருப்பதைக் கவனியுங்கள். கொடுக்கிறவர் ஒரு தெரு, வாங்குகிறவர் வேறு தெரு. ரெண்டு பேரும் முகம் பார்ப்பதே இல்லை.

இதோடு ஒட்டிக்கொண்டு ஒரு அருவருப்பும் இருந்தது. பழைய துணி என்றால் நோய், அழுக்கு. அந்தக் காலத்தில் கிழக்குக் கரை நகரங்களில் பழைய துணி வியாபாரத்தில் இருந்தவர்களில் யூதக் குடியேறிகள் அதிகம் என்பதால், அவர்கள்மீதான வெறுப்பும் அந்தத் துணியில் சேர்ந்தே நாறியது. அமெரிக்கப் பழம்பொருள் வியாபாரத்தைப் பற்றி ஜெனிஃபர் லெ ஸோட் 2017-ல் எழுதிய நூல் இந்தக் கதையை நன்றாகச் சொல்கிறது.

அதைப் படித்தபோது என் அம்மா ஞாபகம் வந்தது. 2009-ல் மகள் பிறந்த சமயம் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். யார்டு சேலில் வாங்கிய தொட்டில் கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஏன்டா, யாரோ செத்தவுக சாமானா இருக்கப்போவுது. பச்சப்புள்ளைக்கா?" அப்புறம் டெட்டால் ஊற்றி மூன்று தடவை துடைத்தபிறகுதான் கட்டில் உள்ளே வந்தது. நம் ஊரில் பழையது வீட்டை விட்டுப் போவதற்கு ஏகப்பட்ட வழிகள். காயலான் கடை, துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர், வீட்டு வேலை செய்கிறவர், போகி. ஒரே ஒரு வழிதான் இல்லை: தன் வீட்டு வாசலில் மேசை போட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு விற்பது. செய்தால் அவனுக்கு என்ன கஷ்டமோ என்று தெருவே பேசும்.

அமெரிக்காவிலும் இந்தக் கூச்சம் உடைய ஒரு போர் தேவைப்பட்டது. 1945-க்குப் பிறகு புறநகர் வீடுகள், அதில் நிறையச் சாமான், கார் நிற்க கராஜ். கொஞ்ச நாளில் கார் வெளியே நிற்க, சாமான் உள்ளே போய்விட்டது. இன்னொரு காரணம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவர் ஒவ்வொரு வருஷமும் வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். இன்று அது பத்தில் ஒருவருக்கும் கீழே. வீடு மாறும்போது சோபாவைத் தூக்கிப் போவதைவிட விற்றுவிட்டுப் போவது லாபம். புதிதாக வருகிறவருக்கும் சோபா வேண்டும். தேவாலய அடித்தளத்தைத் தாண்டி விற்பனை கராஜுக்கு வந்தது இப்படித்தான். 60-களின் கடைசியில் கராஜ் சேல் என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது.

வித்தியாசம் என்னவென்றால், இப்போது நடுவில் போதகர் இல்லை, தர்மம் இல்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர். விற்கிறவர் தன் பழைய செருப்பைத் தானே எடுத்துக் காட்ட வேண்டும். வாங்குகிறவர் அதைத் தான்தான் போடப்போகிறோம் என்பதை மறைக்க முடியாது. ரெண்டு பேருக்குமே கொஞ்சம் வெட்கம். அந்த வெட்கம் சரிசமமாக இருப்பதால்தான் பேச்சு சகஜமாகிறது என்பது என் அனுபவம்.

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா வட்டாரத்தில் பல வருஷம் கராஜ் சேல்களைச் சுற்றிவந்த மானுடவியலாளர் கிரெட்சன் ஹெர்மன், 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே கைமாறுவது பரிசா, சரக்கா என்பதுதான் அதன் கேள்வி. அவர் சொல்வதன் சாரம்: ரெண்டுக்கும் நடுவில். நல்லபடியாக வைத்துக்கொள்வார் என்று தோன்றுகிற ஆளுக்கு விற்கிறவர் விலையைத் தானே இறக்குகிறார், சில சமயம் சும்மாவே கொடுக்கிறார், பொருளின் கதையையும் சேர்த்துக் கொடுக்கிறார். எங்கள் பிக்கப் பெரியவர் செய்ததும் அதுதான். நாலு டாலருக்கு நாற்காலி. வண்டிச் சவாரி பரிசு. அந்த நாலு டாலரை வாங்காமல் நாற்காலியைச் சும்மா கொடுத்திருந்தால் நாங்கள் பிச்சைக்காரர்களாக உணர்ந்திருப்போம். காசு வாங்கியதால்தான் சவாரியை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

(ஒரு தொழில்முறை இடைச்செருகல். 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் தொடங்கி பிறகு ஈபே ஆன தளத்தில் முதலில் விற்றது, உடைந்த லேசர் பாயின்டர் ஒன்று, 14.83 டாலருக்கு. எங்கள் ஆட்கள் அந்தப் புல்தரையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒன்றைத் தவிர. வாங்குபவரும் விற்பவரும் அரைமணி நேரம் ஒரே வெயிலில் நிற்பதற்கு யாரும் கோட் எழுதவில்லை.)

சின்சினாட்டிக்காரர்களுக்கு யார்டு சேல் என்றால் 127-ஆம் நெடுஞ்சாலையும் ஞாபகம் வரும். 1987-ல் டென்னசியின் ஃபென்ட்ரஸ் கவுண்டி நிர்வாகியாக இருந்த மைக் வாக்கர் அதைத் தொடங்கினார். பெரிய இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்தபிறகு சின்ன ஊர்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, பயணிகளை மறுபடி ஊருக்குள் இழுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இப்போது ஆகஸ்டின் முதல் வியாழன் தொடங்கி நாலு நாள், மிச்சிகனின் அடிசனிலிருந்து அலபாமாவின் காட்ஸ்டன் வரை, ஆறு மாநிலம், 690 மைல். எங்கள் ஊருக்குள் அந்தச் சாலைக்கு ஹாமில்டன் அவென்யூ என்று பெயர். 2014-ல் நாங்கள் வாங்கிய வீடு அதிலிருந்து நாலு தெரு தள்ளி.

எல்லாப் புல்லும் வாங்க வாங்க என்று கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015-ல் ஒருநாள், நகரத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில் வீட்டுக்காரர் சங்கம் நடத்திய கூட்டு விற்பனைக்கு மகளோடு போனேன். முப்பது நாற்பது வீடு, தெருவெல்லாம் மேசை. மகள் ஒரு பொம்மை வீட்டின் முன் குந்தி உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் வந்து சிரித்த முகத்தோடு, "நீங்க எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்றார். சேலுக்கு என்றேன். "இல்ல, யாரைத் தெரியும் இங்க?" எங்களைத் தாண்டி டஜன் பேர் போனார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. மகளுக்கு ஆறு வயது. "நாம வரக்கூடாதாப்பா?" என்று காரில் கேட்டாள். பார்க்கிங் பிரச்சினை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்றுவரை அந்தப் பொய் உறுத்துகிறது.

அடுத்த வருஷம் எங்கள் வீட்டிலேயே யார்டு சேல் போட்டோம். என் மனைவிதான் பிடிவாதமாக நின்றாள். ரெண்டு வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறோம், கையசைப்பதைத் தாண்டி யாரோடும் பேசவில்லை என்பது அவள் வாதம். மேசை இல்லை. எதிர்வீட்டுப் பாட்டியிடம் கடன் கேட்டோம். கறுப்பினப் பெண்மணி, எண்பதைத் தொட்டவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மடக்கு மேசையோடு தானும் வந்து நாள் முழுக்க எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை. விடிவதற்குள் டார்ச் அடித்துக்கொண்டு வந்த வியாபாரிகளை அவர்தான் விரட்டினார். அம்மா டெட்டால் போட்ட அந்தத் தொட்டிலையும் விற்பனைக்கு வைத்திருந்தேன். பக்கவாட்டுச் சட்டம் இறங்குகிற வகை. குழந்தைகள் சிக்கி இறந்ததால் 2011 ஜூனிலிருந்து அந்த வகையை விற்பதே சட்டவிரோதம், யார்டு சேலில்கூட. "ஜெயிலுக்குப் போக ஆசையா?" என்று கேட்டு அதை உள்ளே எடுத்துப்போக வைத்ததும் அவர்தான்.

கூட்டம் குறைந்த மத்தியானத்தில் தன் கதையைச் சொன்னார். அவர் கணவரோடு இந்தத் தெருவுக்கு வந்தது 1971-ல். முதல் ரெண்டு வருஷம் கதவைத் தட்டியவர் யாருமில்லை. அப்புறம் ஒரு கராஜ் சேல் போட்டார்கள். தெருவே வந்தது. "சாமான் வாங்க வரல. எங்களைப் பார்க்க வந்தாங்க. ஒரு டோஸ்டர் வாங்கினா கொஞ்ச நேரம் நின்னு பார்க்கலாமே" என்று சிரித்தார். அதில் ரெண்டு பேர் மறுவாரமும் வந்தார்கள், கையில் கேக்கோடு. மற்றவர்களில் சிலர் அந்த வருஷமே வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். அப்போதும் சேல் போட்டார்களாம். இவர் போய் அவர்களுடைய திரைச்சீலையை வாங்கிவந்தாராம்.

எழுந்திருக்கும்போது, "உன் வீட்டுப் பழைய பத்திரத்தைப் பார்த்திருக்கியா? எடுத்துப் பார்" என்றார்.

ஒருநாள் லீவு போட்டுக் கவுண்டி பதிவாளர் அலுவலகம் போனேன். நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது மாதிரி பின்னோக்கிப் போனால், 1939-ல் மனைகளாகப் பிரித்து விற்றபோது தட்டச்சு செய்த நிபந்தனைகள் கிடைத்தன. கோழி வளர்க்கக் கூடாது. வேலி நாலடிக்கு மேல் கூடாது. வெள்ளை இனத்தவர் தவிர யாரும் இந்த மனையை வாங்கவோ குடியிருக்கவோ கூடாது, வீட்டு வேலைக்காரர் நீங்கலாக. கோழிக்கும் வேலிக்கும் அடுத்த வரியில்.

அதன்பிறகு படித்ததில் தெரிந்தது, இது எங்கள் தெருவின் தனிக்கதை இல்லை. 1917-ல் பக்கத்து மாநிலமான கென்டக்கியின் லூயிவில் நகரம், யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் போட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு செய்யக்கூடாது என்றார்கள். சரி, தனியார் பத்திரத்தில் எழுதிக்கொள்வோம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அரசும் ஒதுங்கிவிடவில்லை. ரூஸ்வெல்ட் காலத்தில் மத்திய அரசே எங்கள் ஊருக்கு வடக்கே கட்டி 1938-ல் குடியேற்றிய கிரீன்ஹில்ஸ் மாதிரி ஊரில் கறுப்பினக் குடும்பங்களுக்கு இடமில்லை. போருக்குப் பின் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன், புறநகர் வாழ்க்கைக்கே இலக்கணம் என்று சொல்கிறோமே, அதன் வாடகை ஒப்பந்தத்திலும் எங்கள் பத்திரத்தில் உள்ள அதே சரத்து, வேலைக்காரர் விலக்கு உட்பட. 1948-ல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இத்தகைய சரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியது எழுதியபடி இருந்தது. வீடு விற்பதிலேயே பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் 1968 ஏப்ரல் 11-ல்தான் கையெழுத்தானது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்.

கராஜ் சேல் பரவிய வருஷங்களும் இதே வருஷங்கள்தான். கராஜ் சேலைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் அக்கம்பக்கம், அன்னியோன்யம் என்றெல்லாம் வருகிற இடத்தில் இப்போது நான் கொஞ்சம் நிற்கிறேன். கதவு திறந்திருந்தது உண்மை. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் நடந்துபோகக்கூடியவர்கள் யார் என்று அதற்கு முன்பே பத்திரத்தில் எழுதி முடித்திருந்தார்கள். எனக்கு விசா கிடைக்க வழிசெய்தது 1965 குடியேற்றச் சட்டம். வீடு கிடைக்க வழிசெய்தது 1968 சட்டம். இரண்டாவதுக்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்கள் எதிர்வீட்டுப் பாட்டியின் தலைமுறை. நம் ஆட்கள் பலர் முதலாவதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம், அதையும் நம் படிப்புக்குக் கிடைத்த பரிசாக.

பாட்டியிடம் போய்ப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். "கோழியும் இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். அவர் பத்திரத்திலும் உண்டாம்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சேல், எங்கள் புல்லில். மகள் எலுமிச்சை ஜூஸ் விற்பாள். ஒருமுறை நாலு பையன்கள் நடைபாதையிலேயே தயங்கித் தயங்கி நின்றார்கள், தெலுங்கு பேசிக்கொண்டு. பாட்டி என்னைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடியே கையை ஆட்டி அவர்களைக் கூப்பிட்டார்.

2021 கோடையில் அவர் காலமானார். இங்கே ஒருவர் இறந்தால் வீட்டையே திறந்து வைத்து விற்கும் எஸ்டேட் சேல் உண்டு. அம்மா பயந்தாரே, அது. அறை அறையாக விலைச்சீட்டு, படுக்கையறை அலமாரி வரை. முன்பின் தெரியாதவர்கள் அவருடைய கோப்பைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். மனைவிதான் போகச் சொன்னாள். கராஜில் அந்த மடக்கு மேசை இருந்தது, எட்டு டாலர் சீட்டோடு. அவருடைய மகள் காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க என்றார். நான் எட்டை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். கடைசியில் ஒரு டாலர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

மேசையின் ஒரு கால் சரியாக மடங்காது. அதைச் சுவரோடு சாய்த்து, முன்னால் அந்த நாலு டாலர் நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஆகஸ்டுக்கு எடுக்கும்போது எண்ணெய் போடணும்.